மாம்பழ அழுகல்: வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாங்கன்று ஒட்டி விற்பது என் தொழில். ஆனால் வைகாசி பிறந்துவிட்டால் கன்று வாங்க வருகிறவர்களைவிட, அழுகின பழத்தைப் பையில் போட்டுக்கொண்டு வருகிறவர்கள்தான் கூட. முழங்காவில், அக்கராயன், வட்டக்கச்சி, ஒட்டுசுட்டான், செட்டிகுளம் என்று எங்கிருந்து வந்தாலும் கேட்பது ஏறக்குறைய ஒன்றுதான். ஒவ்வொருவருக்கும் நின்று சொல்ல நேரம் காணாது என்பதால் எழுதி வைத்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் வாயில் வந்தபடியே விட்டிருக்கிறேன்.

1. பழத்தில கறுப்புக் கறுப்பாப் புள்ளி விழுந்து அழுகுது அண்ணை. இது என்ன வருத்தம்?

எங்கள் பக்கத்தில் மாம்பழத்தை அழுக வைப்பவை பெரும்பாலும் மூன்று. முதலாவது அந்திரக்னோஸ். கொலெட்டோட்ரைக்கம் என்ற பூஞ்சணத்தால் வருவது. தோலில் சின்னக் கறுப்புப் புள்ளியாகத் தொடங்கி, பல புள்ளிகள் சேர்ந்து, கொஞ்சம் குழிந்த கறுப்புத் திட்டாகும். அந்தப் பழத்தை ஈரமான இடத்தில் ஒரு நாள் வைத்துப் பாருங்கள், திட்டின் நடுவில் இளஞ்சிவப்பாகப் பிசுபிசுவென்று ஏதோ கசியும். அதுதான் அந்தப் பூஞ்சணத்தின் வித்து, நோயைப் பரப்புவது. சில பழங்களில் காம்படியிலிருந்து கீழே அழுத கண்ணீர்த் தடம் போலக் கறுப்புக் கோடு இறங்கியிருக்கும். மழைத்தண்ணீர் மேலே இருந்த வித்துகளைக் கழுவிக்கொண்டு வழிந்த பாதை அது.

இரண்டாவது காம்பழுகல். லசியோடிப்ளோடியா என்ற வேறொரு பூஞ்சணமும் அதன் இனத்தவையும் செய்கிற வேலை. காம்பைச் சுற்றி மண்ணிறமாகத் தொடங்கி, இரண்டு மூன்று நாளில் பழம் முழுக்க இறங்கிவிடும். அமர்த்தினால் தோல் கிழிந்து தண்ணீராக வடியும். அந்திரக்னோஸ் பழத்தின் அழகைக் கெடுக்கும், விலையைக் குறைக்கும். காம்பழுகல் பழத்தையே இல்லாமல் ஆக்கும்.

மூன்றாவது பூஞ்சணமே இல்லை, பழ ஈ. தோலில் ஊசி குத்தின அளவு அடையாளம், சுற்றிலும் மெதுமை, வெட்டினால் உள்ளே வெள்ளைப் புழு. இதற்குப் பூஞ்சண மருந்து அடித்து ஒரு பலனும் இல்லை. ஆகவே எதையும் வாங்கமுன் ஒரு பழத்தை வெட்டிப் பாருங்கள்.

2. மரத்தில பச்சையா நிக்கேக்க ஒரு குறையும் இல்லை. பழுக்க வைச்சாப் பிறகுதான் கறுக்குது. அப்ப பழுக்க வைச்ச இடத்திலதானே பிழை?

பத்துப் பேரில் ஒன்பது பேர் இப்படித்தான் நினைக்கிறார்கள். நோய் மரத்தில், அதுவும் பூவிலும் பிஞ்சிலும் இருந்தபோதே பிடித்துவிட்டது. வித்து பிஞ்சின் தோலில் விழுந்து, முளைத்து, தோலை இறுகப் பற்றிக்கொண்டு அப்படியே முடங்கிக் கிடக்கும். பச்சைக் காயின் தோலிலும் பாலிலும் பூஞ்சணத்தை வளரவிடாத பொருள்கள் இயற்கையாகவே இருக்கின்றன. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இதைப்பற்றி நிறைய ஆராய்ந்திருக்கிறார்கள். காய் பழுக்கப் பழுக்க அந்தப் பொருள்கள் குறையும், தோல் மெலியும், சீனி ஏறும். மாசியில் வந்து உட்கார்ந்தது வைகாசியில் எழும்பும்.

காம்பழுகலும் இதே மாதிரிதான், வழி மட்டும் வேறு. அந்தப் பூஞ்சணம் கொப்பின் உள்ளேயே சத்தமில்லாமல் குடியிருந்து, பூங்கொத்தின் தண்டுக்குள் வந்து, காம்படியில் காத்திருக்கும்.

இதை விளங்கிக்கொண்டால் மிச்சக் கேள்விகளில் பாதிக்கு நீங்களே பதில் சொல்லிவிடலாம். பழம் அழுகத் தொடங்கினபின் அதற்கு வைத்தியம் கிடையாது. வேலையெல்லாம் அதற்கு மூன்று, நாலு மாதம் முந்தியே முடிந்திருக்க வேண்டும்.

3. போன வருசம் நல்லாயிருந்த அதே மரம் இந்த வருசம் ஏன் இப்பிடி?

பூக்கும் காலத்து மழையைப் பாருங்கள். அந்திரக்னோஸ் வித்து காற்றில் பறந்து வருவதைவிட மழைத்துளி தெறித்துத்தான் கூடப் பரவுகிறது. முளைப்பதற்கும் இலையோ பூவோ பல மணித்தியாலம் நனைந்தபடி இருக்க வேண்டும். எங்களுக்கு வடகீழ்ப் பருவமழை ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் கொட்டி முடிந்து, தையில் வானம் வெளிக்க, மரம் பூக்கும். அந்த ஒழுங்கு சரியாக அமைந்த வருசம் பழம் சுத்தமாக இருக்கும். மாரி இழுபட்டு தை, மாசியிலும் மழை பெய்தாலோ, விடியப்புறம் கடும் பனி கொட்டிப் பூ காலை எட்டு ஒன்பது மணிவரை நனைந்து நின்றாலோ, அந்த வருசம் அழுகல் கூடும். காய் முற்றும்போது வருகிற சித்திரை மழையும் கொஞ்சம் பங்கு எடுக்கும்.

வானத்தை நாங்கள் ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் எந்த வருசம் மருந்துக்குக் காசு செலவழிக்க வேண்டும், எந்த வருசம் தேவையில்லை என்பதை இதை வைத்துத் தீர்மானிக்கலாம். பூத்த நாளிலிருந்து பிஞ்சு பிடிக்கும்வரை ஒரு துளி மழையும் கடும் பனியும் இல்லாவிட்டால் நான் அடிக்கச் சொல்வதில்லை.

4. பூவெல்லாம் கருகிக் கொட்டுது. அதுவும் இந்த வருத்தம்தானோ?

இருக்கலாம். பூங்கொத்தின் தண்டில் சின்னக் கறுப்புக் கீறல்கள், பூக்கள் கறுத்து உலர்ந்து தண்டிலேயே ஒட்டிக்கொண்டு நிற்பது, இரண்டும் இருந்தால் அந்திரக்னோஸ். வெள்ளை மா பூசினதுபோல் தூள் படிந்திருந்தால் அது தூள் பூஞ்சணம், வேறு நோய். மரத்தடியில் போகும்போது படபடவென்று சின்னப் பூச்சிகள் தத்திப் பறந்து, இலையில் பிசுக்கும் கறுப்புப் படலமும் இருந்தால் மாந்தத்தி. மூன்றுக்கும் மருந்து வேறு. கடையில் போய் “மாம்பூ கொட்டுது, மருந்து தாங்கோ” என்று மட்டும் கேட்டால் எது கிடைக்கும் என்பது உங்கள் அதிர்ஷ்டம்.

நன்றாகப் பூத்த மரத்திலும் பெரும்பாலான பூ கொட்டத்தான் செய்யும். ஒரு கொத்தில் ஒன்றிரண்டு காய் நின்றாலே நல்ல விளைச்சல்.

5. மருந்தடிக்கிறதுக்கு முதல் செய்ய வேண்டியது ஏதும் இருக்கா?

இருக்கிறது, அதுதான் பெரிய வேலை. வித்து எங்கிருந்து வருகிறது? காய்ந்த கொப்பு, கருகின பூத்தண்டு, மரத்திலேயே சுருங்கிக் கறுத்துத் தொங்கும் பழைய காய், அடியில் கிடக்கும் அழுகல் பழம், சருகு. இவை நிற்கும்வரை ஒவ்வொரு மழையும் வித்தைப் புதுப் பூவில் கொண்டுபோய்ச் சேர்க்கும். காய் ஆய்ந்து முடிந்ததும், ஆடி ஆவணிக்குள், காய்ந்த கொப்பெல்லாம் வெட்டுங்கள். வெட்டும்போது காய்ந்த பகுதியோடு நிறுத்தாமல் ஒரு சாண் பச்சைக்குள் இறங்கி வெட்ட வேண்டும், ஏனென்றால் காம்பழுகல் பூஞ்சணம் பச்சையாகத் தெரிகிற இடத்திலும் கொஞ்சத் தூரம் இருக்கும். வெட்டினதைக் குவித்து எரியுங்கள், இல்லாவிட்டால் கிடங்கு வெட்டித் தாழுங்கள். வேலியோரம் போட்டு வைப்பது வேலையைப் பாதியில் விட்டதற்குச் சமன்.

அடுத்தது மரத்தின் நடுவைத் திறப்பது. மத்தியானம் மரத்தடியில் நின்று மேலே பாருங்கள். வெயில் பொட்டுப் பொட்டாகவாவது நிலத்தில் விழ வேண்டும். ஒரு பொட்டும் விழாவிட்டால், உள்நோக்கி வளர்ந்த கொப்புகளை எடுத்துவிடுங்கள். காற்றும் வெயிலும் உள்ளே போனால் பனி ஈரம் சீக்கிரம் உலரும். 3ஆம் பதிலில் சொன்ன அந்தப் பல மணித்தியால ஈரம் பூஞ்சணத்துக்குக் கிடைக்காது. மழை தொடங்கமுன் வெட்டு வேலை முடிந்திருக்க வேண்டும். மழைக்குள் வெட்டினால் வெட்டுவாயே நோய்க்கு வாசல்.

6. எங்கட மரம் அப்பப்பா வைச்சது. நாப்பது அடி இருக்கும். அதை என்ன செய்யிறது?

வன்னியில் இது தனிப் பிரச்சினை. இடம்பெயர்ந்து போன வருசங்களில் யாரும் கை வைக்காமல் காடாக வளர்ந்த மரங்கள் நிறைய. 2009க்குப் பிறகு திரும்பி வந்து பார்த்தபோது வீடு நிற்கவில்லை, மா மட்டும் நின்றது என்று சொல்லும் குடும்பங்கள் உண்டு. அப்படிப்பட்ட மரத்தைத் தறிக்கச் சொல்ல எனக்கு மனம் வராது. அவர்களும் கேட்க மாட்டார்கள்.

ஒரே தடவையில் மொட்டையடிக்காதீர்கள். மரம் அதிர்ச்சியில் இரண்டு மூன்று வருசம் காய்க்காது, வெயில் பட்டு அடிமரத்தின் பட்டையும் வெடிக்கும். வருசத்துக்கு மூன்றில் ஒரு பங்கு உயரக் கொப்புகளாக எடுத்து, மூன்று வருசத்தில் ஒரு ஏணி எட்டுகிற உயரத்துக்குக் கொண்டுவரலாம். பெரிய வெட்டுவாய்களுக்குக் கொப்பர் பசை பூசுங்கள். உயரத்தைக் குறைக்காமல் மருந்தடிக்க நினைப்பது வீண். முதுகில் சுமக்கும் 16 லீற்றர் டாங்கியால் நாப்பது அடிக்கு மருந்து போகாது, முகத்தில்தான் விழும்.

7. சரி, மருந்து எப்ப அடிக்கிறது? காய் முத்தினாப் பிறகு ஒருக்கா அடிச்சாப் போதாதோ?

போதாது, 2ஆம் பதிலைத் திரும்பப் பாருங்கள். காய் முற்றும்போது நோய் ஏற்கெனவே உள்ளே இருக்கும். முதல் தடவை, பூங்கொத்து நீண்டு வருகிறபோது, பூ விரியமுன். அடுத்தது பிஞ்சு பிடித்தவுடன். அதற்குப் பிறகு ஈரமான காலநிலை தொடர்ந்தால் இரண்டு கிழமைக்கு ஒருக்கா, காய் கோழிமுட்டை அளவு வரும்வரை. பிஞ்சு பிடித்தபின் வானம் காய்ந்துவிட்டால் முதல் இரண்டோடு நிறுத்திக்கொள்ளலாம். கத்தரித்து முடிந்தவுடன் கொப்புகளுக்கு ஒரு கொப்பர் மருந்து அடித்தால் இன்னும் நல்லது.

என்ன மருந்து என்று பெயர் சொல்லிக் கேட்கிறார்கள். கொப்பர் மருந்துகளும் மங்கோசெப்பும் தோலின் மேலே நின்று வித்தை முளைக்கவிடாமல் தடுப்பவை. வருமுன் அடித்தால்தான் வேலை செய்யும். உள்ளே ஊறும் மருந்துகளும் உண்டு, ஆனால் ஒன்றையே திரும்பத் திரும்ப அடித்தால் பூஞ்சணம் அதற்குப் பழகிவிடும், மாற்றி மாற்றித்தான் பாவிக்க வேண்டும். இலங்கையில் அனுமதிப் பட்டியல் மாறிக்கொண்டிருப்பதால், உங்கள் கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரைக் கேளுங்கள், அல்லது விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்துக்கு அழையுங்கள். போத்தலில் எழுதியிருக்கும் அளவும், அடித்த எத்தனை நாளுக்குப் பின் ஆயலாம் என்ற குறிப்பும் அலங்காரத்துக்குப் போட்டதல்ல.

பூ விரிந்து தேனீயும் ஈயும் மொய்க்கிற நேரத்தில் பூச்சிமருந்து அடிக்காதீர்கள். மாவில் காய் பிடிப்பதே அந்தப் பூச்சிகளால்தான். கொப்பர் மருந்தும் விரிந்த பூவைக் கருக்கும்.

8. போர்டோக் கலவை வீட்டில செய்யலாம் எண்டு சொல்லுறாங்கள். எப்பிடி?

செய்யலாம், மலிவும்கூட. துருசும் (செப்புச் சல்பேற்று) சுண்ணாம்பும் கலந்த பழைய கொப்பர் மருந்துதான் அது. 2021இல் இரசாயன உரம், மருந்து இறக்குமதிக்குத் தடை வந்த காலத்தில் என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இது. 10 லீற்றருக்கு 100 கிராம் துருசு, 100 கிராம் நீறாத சுண்ணாம்புக் கல். துருசைத் தூளாக்கித் துணியில் முடிந்து, 5 லீற்றர் தண்ணீரில் மேலாகத் தொங்கவிட்டால் இரவுக்குள் கரைந்துவிடும். இன்னொரு வாளியில் சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டு நீற்றி, 5 லீற்றராக்கி, துணியில் வடியுங்கள். பிறகு துருசுத் தண்ணீரைச் சுண்ணாம்புத் தண்ணீருக்குள் மெல்ல ஊற்றிக் கலக்க வேண்டும். நல்ல வான்நீலமாக வரும். பிளாஸ்ரிக் வாளி அல்லது மண்பானைதான். இரும்பு, தகரம் கூடாது.

மினுக்கின கத்தி அலகை ஒரு நிமிடம் அதற்குள் பிடித்து எடுத்துப் பாருங்கள். அலகில் செம்பு நிறம் ஏறியிருந்தால் துருசு மிஞ்சியிருக்கிறது, அப்படியே அடித்தால் இலை கருகும். சுண்ணாம்புத் தண்ணீர் இன்னும் கொஞ்சம் விட்டுத் திரும்பப் பாருங்கள். கலந்த அன்றைக்கே அடித்து முடிக்க வேண்டும், நாளைக்கு வைத்தால் அடியில் மண்டியாகிவிடும்.

இதற்கு ஒரு கதை உண்டு. பிரான்சில் போர்டோப் பக்கம் தெருவோரத் திராட்சையைப் போகிற வருகிறவர்கள் பிடுங்காமல் இருக்கத் துருசும் சுண்ணாம்பும் கலந்து தெளித்து வைப்பார்களாம். மற்றக் கொடிகளெல்லாம் நோயில் போக, அந்தத் தெருவோரக் கொடிகள் மட்டும் தப்பி நிற்பதை மில்லார்டே என்ற தாவரவியலாளர் கவனித்தார். 1885இல் அது மருந்தாக வெளிவந்தது. ஏ9 வீதியோரம் மா வைத்திருப்பவர்களுக்கு இது இரட்டிப்புப் பலன் தரக்கூடும்.

9. ஆயிறதில ஏதும் முறை இருக்கா? நாங்கள் உலுப்பி விழுத்துறனாங்கள்.

உலுப்பாதீர்கள். விழுந்த காயில் வெளியே தெரியாத நசிவு இருக்கும், அந்த இடத்தில்தான் முதலில் அழுகும். கொக்கத்தடியில் வலைப்பை கட்டி, அல்லது ஏறி, காம்போடு வெட்டி எடுங்கள். காம்பில் குறைந்தது ஒரு அங்குலம் காயோடு நிற்க வேண்டும். காம்பை அடியோடு முறித்தால் பால் பீறிட்டு வெளியே வரும், அந்தப் பால் இருக்கிறதே, அதுதான் பூஞ்சணத்துக்கு எதிரான மரத்தின் சொந்த மருந்து. அது போகவும், காம்படியில் திறந்த காயம் ஒன்று கிடைக்கவும், காம்பழுகலுக்கு வேறென்ன வேண்டும்? பால் தோலில் வழிந்தால் கருகல் தழும்பும் விழும். ஆய்கிறவரின் தோலில் பட்டாலும் கொப்புளம் போடும், கண்ணைக் கவனம்.

காலையில் பனி உலர்ந்தபின் ஆயுங்கள். ஆய்ந்ததை மண்ணில் குவிக்காமல் சாக்கின் மேல், நிழலில் வையுங்கள். கடகத்திலோ கூடையிலோ அடுக்கும்போது ஒரு காயின் காம்பு மற்றதைக் குத்தாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

10. மருந்தில்லாமல், ஆய்ந்த பிறகு செய்யக்கூடியது ஒண்டும் இல்லையோ?

ஒன்று இருக்கிறது, சுடுதண்ணீர். 52 பாகை செல்சியஸ் சூட்டுத் தண்ணீரில் ஐந்திலிருந்து பத்து நிமிடம் காயை முழுக்க அமிழ்த்தி எடுத்தால், தோலில் முடங்கிக் கிடக்கும் அந்திரக்னோஸ் பெருமளவு செத்துவிடும். ஆய்ந்த அன்றோ அடுத்த நாளோ செய்ய வேண்டும். முற்றாத காயைப் போட்டால் தோல் அவிந்துவிடும்.

சூட்டை அளக்க வெப்பமானி வாங்குவதுதான் சரி. இல்லாதவர்களுக்கு ஒரு கணக்கு: கொதிக்கிற தண்ணீர் ஒரு பங்கு, கிணற்றுத் தண்ணீர் இரண்டு பங்கு. எங்கள் கிணற்றுத் தண்ணீர் 28 பாகையளவில் இருப்பதால் கலவை 52க்குக் கிட்ட வரும். ஆனால் காயைப் போட்டதும் சூடு இறங்கும். அதனால் பெரிய பாத்திரம், கொஞ்சக் காய், பக்கத்தில் கொதிதண்ணீர்க் கேத்தல். 55க்கு மேலே ஏறவிடாதீர்கள். எடுத்தபின் நிழலில் பரப்பி, நன்றாக உலர்ந்தபின் அடுக்குங்கள்.

காம்பழுகலுக்கு இது அவ்வளவு உதவாது. அது காம்புக்குள் ஆழத்தில் இருப்பது, ஐந்து நிமிடச் சூடு அதுவரை போகாது. அதற்கு 5ஆம், 9ஆம் பதில்கள்தான்.

11. வேப்பெண்ணெய், மஞ்சள், சாம்பல் எல்லாம் அடிக்கச் சொல்லுறாங்களே?

வேப்பெண்ணெய் தத்திக்கும் வேறு சில பூச்சிகளுக்கும் உதவும். அழுகலுக்கு அதை நம்பி இருக்க வேண்டாம். மஞ்சளும் சாம்பலும் கறிக்கும் பாத்திரத்துக்கும் ஆகட்டும்.

12. கடதாசிப் பை கட்டினால் அழுகல் நிக்குமோ?

நன்றாகக் குறையும், பழ ஈயும் அண்டாது. ரீ.ஜே.சி. இனம் போல் பெரிய, விலை போகிற பழத்துக்குக் கூலி கட்டும். ஒரு மரத்தில் ஆயிரம் காய்க்கிற நாட்டு மாவுக்குக் கட்டாது. காய் கோழிமுட்டை அளவு தாண்டினதும், காய்ந்த நாளாகப் பார்த்து, அதற்கு முந்தின நாளோ இரண்டு நாளைக்கு முன்போ ஒரு தடவை பூஞ்சண மருந்தடித்து உலரவிட்டுக் கட்டுவது வழமை. ஈரத்தோடு கட்டினால் நோயைப் பத்திரமாக உள்ளே பூட்டி வைத்த மாதிரி. பொலித்தீன் பை வேண்டாம், உள்ளே வேர்த்துவிடும். கடதாசிப் பையிலும் அடி மூலையைக் கொஞ்சம் வெட்டிவிட்டால் தண்ணீர் நிற்காது.

குரங்குக்குப் பை ஒரு தடையே இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அது கழற்றிப் பார்த்துவிட்டுத்தான் கடிக்கும். ஒரு கடி கடித்து எறிந்த காயை அன்றைக்கே பொறுக்கிப் புதையுங்கள், அதுவும் வித்துக் களஞ்சியம்தான்.

13. பழுக்க வைக்கிற அறை எப்பிடி இருக்க வேணும்? காபைட் வைக்கலாமோ?

காபைட் வேண்டாம். பழம் மஞ்சளாகும், உள்ளே சுவை வராது, அந்தக் கல்லில் ஆசனிக்கும் பொசுபரசும் கலந்திருக்கக்கூடும். அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

வைக்கோலில் பழுக்க வைப்பது நல்ல வழி, வைக்கோல் காய்ந்ததாகவும் புதிதாகவும் இருந்தால். போன வருசம் அழுகின பழம் கிடந்த அதே வைக்கோல் கூடாது. இரண்டு அடுக்குக்கு மேல் வைக்காதீர்கள். தகரக் கூரைக்குக் கீழே 30 பாகைக்கு மேல் அவிகிற அறையில் பூஞ்சணம் பழத்தைவிட வேகமாக ஓடும். ஓலைக் கொட்டிலோ காற்றோட்டமான திண்ணையோ மேல். ஒவ்வொரு நாளும் கை வைத்துப் பார்த்து, காம்படி கறுத்ததை உடனே எடுத்துவிட வேண்டும்.

14. அழுகின பகுதியை வெட்டிப் போட்டுச் சாப்பிட்டால் ஏதும் செய்யுமோ?

தோலளவு கறுப்புப் புள்ளியென்றால் தாராளமாக வெட்டிவிட்டுச் சாப்பிடுங்கள், வீட்டில் நாங்களும் அப்படித்தான். சதை தண்ணீராகி, புளித்த மணம் வந்தால் எறியுங்கள். மாட்டுக்குக் கொட்டுவதும் வேண்டாம்.

15. கறுத்தக்கொழும்பானுக்குத்தான் இது கூட எண்டு சொல்லுறது உண்மையோ? வராத இனம் எது?

முற்றாக வராத இனம் எங்கள் பக்கத்தில் விற்கப்படுவதில் இல்லை. கறுத்தக்கொழும்பான், வெள்ளைக்கொழும்பான், அம்பலவி, விலாட், செம்பாட்டான், ரீ.ஜே.சி. எல்லாவற்றிலும் பார்த்திருக்கிறேன். கறுத்தக்கொழும்பானின் பெயர் அடிபடுவதற்கு ஒரு காரணம், அதைத்தான் எல்லாரும் காசுக்கு விற்கிறார்கள், அதன் இழப்புத்தான் கணக்கில் விழுகிறது. “அழுகல் வராத கன்று” என்று சொல்லி விற்கிறவரிடம் வாங்காதீர்கள். நானே அந்தத் தொழிலில் இருந்துகொண்டு சொல்கிறேன்.

16. காலம் தப்பி மார்கழி, தையில காய்க்கிறது முழுக்க அழுகுது. விலையோ அப்பத்தான் கூட. ஒரு வழி சொல்லுங்கோ.

மழைக்குள் பூத்து மழைக்குள் காய்த்த காயில் நோய் இல்லாமல் இருக்க வழியே இல்லை. மருந்தும் அடித்த கையோடு கழுவுப்பட்டுப் போகும். என்னுடைய யோசனை, பழமாக்க ஆசைப்படாமல் பச்சையாக விற்றுவிடுங்கள். 2ஆம் பதிலில் சொன்னபடி பச்சைக் காயில் நோய் எழும்பாது. ஊறுகாய்க்கு, சம்பலுக்கு, உப்பும் தூளும் போட்டு வெட்டி விற்கிறவர்களுக்கு அந்தக் காலத்தில் நல்ல கிராக்கி. இரண்டு பழத்துக்கு ஆசைப்பட்டு எட்டை அழுக விடுவதைவிடப் பத்துக் காயின் விலை மேல்.

17. வவுனியாப் பக்கம் கிட்னி வருத்தம் கூட. மருந்தடிக்கப் பயமா இருக்கு.

பயம் நியாயமானது. அந்தச் சிறுநீரக நோய்க்கு எது காரணம் என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. தண்ணீர், வெப்பம், விவசாய இரசாயனம் என்று பலவற்றைப் பார்க்கிறார்கள். முடிவு வரும்வரை கவனமாக இருப்பதில் நட்டமில்லை. கிணற்றடியில் மருந்து கலக்காதீர்கள். டாங்கியைக் குளத்திலோ வாய்க்காலிலோ கழுவாதீர்கள். கையுறை, முகமூடி, நீளக்கைச் சட்டை. காற்றுக்கு முதுகு காட்டி அடிப்பது. சோளகக் காற்று கிளம்பினபின் அடிக்கவே வேண்டாம். வெறும் போத்தலில் மண்ணெண்ணெய்கூட வைக்கக் கூடாது.

வளவில் ஒன்றிரண்டு மரம் மட்டும் வைத்திருப்பவர்களுக்கு நான் மருந்தே சொல்வதில்லை. கத்தரிப்பு, துப்புரவு, காம்போடு ஆய்தல், சுடுதண்ணீர். வீட்டுத் தேவைக்கு அது காணும்.

18. எல்லாம் சொன்னபடி செய்தனான். மூண்டு தரம் மருந்தும் அடிச்சனான். ஆனாலும் அழுகுது!

சில கேள்விகளை நானே திருப்பிக் கேட்பேன். அழுகல் காம்படியிலிருந்தா, தோலில் புள்ளியாகவா? காம்படியிலிருந்தென்றால் மருந்தைக் குறை சொல்ல வேண்டாம், கொப்பும் காம்பும்தான் விசயம். அடித்த எத்தனை மணித்தியாலத்தில் மழை பெய்தது? உலரமுன் பெய்திருந்தால் அந்தத் தடவை கணக்கில் இல்லை. இலையின் அடிப்பக்கமும் பூங்கொத்தின் உள்பக்கமும் நனைந்ததா? ஒரே மருந்தையா மூன்று தரமும் அடித்தீர்கள்? கிழக்கு வேலிக்கு அப்பால், ஆளில்லாக் காணியில், கவனிப்பாரற்ற மா ஏதும் நிற்கிறதா? மழைத்தெறிப்பு அதிகத் தூரம் போகாது, ஆனால் உங்கள் மரத்தின் மேல் அதன் கொப்பு கவிந்திருந்தால் உங்கள் துப்புரவெல்லாம் பாதிதான். காணிக்காரரோடு கதைத்து அந்தக் கொப்பை வெட்டுங்கள்.

யூரியாவைக் கூடப் போட்டவர்களுக்கும் இது நடக்கும். கொழுத்த தளிரும் மெலிந்த தோலும் பூஞ்சணத்துக்கு விருந்து. பூக்கும் காலத்தில் தண்ணீரை மேலால் தெளிக்கிறவர்களும் யோசிக்க வேண்டும், தண்ணீர் வேருக்குத்தான் தேவை.

19. கனடாவில அண்ணா வீட்டுப் பீச் மரத்திலயும் பழம் அழுகுதாம். இதே மருந்து சரிவருமோ?

படம் அனுப்பிக் கேட்டவர்கள் பலர். பீச், பிளம்ஸ், செரி மாதிரிக் கொட்டைப் பழங்களில் அங்கே வருவது மண்ணிற அழுகல், மொனிலினியா என்ற பூஞ்சணம். பழத்தில் மண்ணிறத் திட்டு, அதன் மேல் சாம்பல் தூள். அழுகின பழம் சுருங்கிக் காய்ந்து கொப்பிலேயே குளிர்காலம் முழுக்கத் தொங்கும், வசந்தத்தில் அதிலிருந்துதான் வித்து பூவுக்குப் போகும். ஆகவே பனிக்காலம் முடியமுன் அந்தக் காய்ந்த பழங்களை ஒன்றுவிடாமல் பிடுங்கி அகற்றச் சொல்லுங்கள். காய்கள் ஒன்றையொன்று முட்டாமல் பிஞ்சிலேயே கலைத்துவிடுவதும் முக்கியம். வெடித்த, பூச்சி கடித்த பழத்தில்தான் அது முதலில் ஏறும்.

ஒரு வித்தியாசம் உண்டு. மாவில் பூவும் பிஞ்சும்தான் ஆபத்தான காலம். பீச்சில் பூக்காலத்தோடு, ஆயமுன் வரும் கடைசி மூன்று கிழமையும் ஆபத்து, பழம் கனியக் கனிய நோய் புதிதாகவே பிடிக்கும். மருந்து தேவையென்றால் அங்கே வீட்டு மரத்துக்கு அனுமதியுள்ளது எதுவென்று அங்குள்ள தோட்டக் கடையில் கேட்கட்டும். இங்கிருந்து பொட்டலம் அனுப்ப வேண்டாம்.

இதே ஆட்கள் அடுத்ததாக, பீச் கன்று இங்கே வைக்கலாமா என்றும் கேட்பார்கள். வராது. அந்த மரம் பூக்க நூற்றுக்கணக்கான மணித்தியாலம் 7 பாகைக்குக் கீழே குளிர் வேண்டும். மாங்குளத்தில் அதற்கு எங்கே போவது?

20. லொறியில ஏத்தேக்க நல்ல பழம். தம்புள்ளையில இறக்கேக்க பாதி அழுகல் எண்டு வியாபாரி காசை வெட்டுறார். ஆற்றை பிழை?

இரண்டு பக்கமும் உண்மை சொல்லக்கூடும், அதுதான் சிக்கல். ஏற்றும்போது காய் பச்சை, குறை தெரியாது. பயணத்தில் பழுக்கும், மரத்திலிருந்து வந்த நோய் அங்கே எழும்பும். இது உங்கள் பக்கம். மறுபக்கம், சாக்கில் கட்டி ஆறு அடுக்கு ஏற்றி, படங்கை இறுக மூடி, மத்தியான வெயிலில் லொறியை நிறுத்தி வைத்தால், சுத்தமான காயும் அவிந்து போகும். இது அவர் பக்கம். நசிவால் வந்த அழுகல் காய்கள் ஒன்றையொன்று முட்டின இடத்தில் இருக்கும். நோயால் வந்தது புள்ளியாகவோ காம்படியிலோ இருக்கும். படம் எடுத்து அனுப்பச் சொல்லிப் பாருங்கள்.

இன்னும் உறுதியான வழி ஒன்று. ஒவ்வொரு ஏற்றத்திலும் அதே மரங்களின் காயில் பத்தை எடுத்து, திகதி எழுதி, வீட்டில் நிழலில் பழுக்க வையுங்கள். வியாபாரி கூப்பிடும்போது உங்கள் பத்தும் அழுகியிருந்தால், பேசாமல் காசைக் குறைத்து வாங்கிக்கொண்டு ஆடியில் கொப்பு வெட்டத் தொடங்குங்கள். உங்கள் பத்தும் நன்றாக இருந்தால் அதைப் படம் பிடித்து அவருக்கு அனுப்புங்கள், அடுத்த ஏற்றம் பிளாஸ்ரிக் கூடையில், இரவுப் பயணமாகத்தான் என்று சொல்லுங்கள். கூடைக்கு யார் காசு கொடுப்பது என்பதை ஏற்றமுன் பேசி முடிக்க வேண்டும்.